அம்மா நம்பர் யார் கையில இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம்,

ஊர்ல இருக்க பெரியவங்களுக்கு டேப்லட் வாங்கி அனுப்பலாம்னு குழுவுல பேச்சு ஓடுதுல்ல, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்குங்க.

சிங்கப்பூர்ல இருக்க நம்மள்ல நிறைய பேரு போன்ல ரெண்டு சிம் இருக்கு. ஒண்ணு இங்கத்து நம்பர், இன்னொண்ணு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி உயிரோட வச்சிருக்க ஊர் நம்பர். அம்மாவோட பேங்க் அக்கவுண்ட், ஆதார், கேஸ் எல்லாம் அந்த நம்பர்லதான் பதிஞ்சிருக்கு, ஏன்னா அப்ப வீட்டுல இருந்த ஒரே போன் அதுதான். இப்ப என்ன ஆகுதுன்னா, அங்க வாசல்ல சிலிண்டர்காரர் நின்னுக்கிட்டு கோட் சொல்லுங்கம்மான்னு கேக்குறாரு, கோட் இங்க ஜூரோங்ல ஷிஃப்ட்ல நிக்கிற மகனோட லாக்கருக்குள்ள வந்து கிடக்குது, சைட்டுக்குள்ள போன் எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க, அம்மா அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு ஓய்ஞ்சு போயி, சிலிண்டர் வந்த வண்டியிலயே திரும்பிப் போயிடுது. 2023 செப்டம்பர்ல 1000 ரூபான்னு ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை மாசாமாசம் ஏறுது, அது ஏறுன மெசேஜும் நமக்குத்தான். தன் பணம் வந்துச்சான்னு மகன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குற நிலைமைல அவங்களுக்கு டேப்லட் எதுக்கு?

ஓடிபி வாங்க பட்டன் போனே போதும். லீவுக்குப் போறவங்க அம்மாவக் கூட்டிட்டுப் பேங்குக்கும் ஆதார் சேவை மையத்துக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் போயி நம்பர மாத்தி விடுங்க. மெசேஜ தொறந்து நம்பர வாசிக்க அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க, போன்ல கேக்குற எவனுக்கும் அதச் சொல்லக் கூடாதுங்கறதயும் சேத்துச் சொல்லிக் குடுங்க.

இங்க மட்டும் என்ன வாழுது. கடையில சாமான் வாங்க அரசாங்கம் குடுக்குற சிடிசி வவுச்சர் வீட்டுக்கு ஒண்ணுங்கறதால மருமகளோ பேரனோ எடுத்துருவாங்க. ஆனா சிங்கப்பூரோட 60 வருசத்துக்காக 2025ல வந்த எஸ்ஜி60 வவுச்சர் ஆளுக்கு ஆள், 60 வயசு ஆன குடிமக்களுக்கு 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆன்லைன்ல எடுக்கணும்னா அவங்கவங்க சிங்பாஸ்ல, அதான் அரசாங்க சேவைக்கெல்லாம் இருக்க லாகின்ல, போகணும். நம்ம சங்கத்துப் பெரியப்பா ஒருத்தருக்கு பாஸ்வேர்ட் என்னன்னே தெரியாது, எல்லாம் பேரன் வச்சிருக்கான், பேரன் ஆர்மில. (நல்ல பையன்தான், அவனக் குறை சொல்லல.)

சிசியிலயும் (சமூக மன்றம்) லைப்ரரியிலயும் எஸ்ஜி டிஜிட்டல் கவுண்டர் இருக்கு, 2020லேருந்து நடக்குது, பக்கத்துல உக்காந்து ஒருத்தருக்கு ஒருத்தரா சொல்லித் தர்றாங்க, காசு இல்ல. மொழிதான் தயக்கம்னா நம்மள்ல ஒருத்தர் கூடப் போனா முடிஞ்சது. சிங்பாஸ் ஆப்பயே தமிழ்ல வச்சுக்கலாம், நிறைய பேருக்கு இது தெரியல.

ஒண்ணே ஒண்ணு, அவங்க கையிலேருந்து போனப் புடுங்காதீங்க. "குடுங்க நான் பண்றேன்"னு வாங்கிட்டா அன்னைக்கு வேலை முடியும், மறுபடி அதே வேலைக்கு உங்களத்தான் கூப்பிடுவாங்க. தேக்கா மார்க்கெட்ல அத்தை ஒருத்தங்க கீரைக்குப் போன்ல வவுச்சர் குடுக்க நின்னாங்க, அழுத்துனா ஒண்ணும் நகரல, வேற என்னென்னமோ தொறக்குது. பாத்தா விரல வச்சு அப்படியே அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருக்காங்க. தோசைக்கல்லு காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாப்பீங்கல்ல, வெடுக்குனு எடுப்பீங்கல்ல, அப்படித் தொடுங்கன்னேன். ரெண்டாவது தடவையே 5 வெள்ளிக்கு க்யூஆர் வந்துருச்சு, கடைக்காரர் ஸ்கேன் பண்ணிட்டாரு. எழுத்தப் பெருசாக்கி வச்சோம். டைப் பண்ண வரலன்னா மைக்க அழுத்தித் தமிழ்லயே பேசலாம், அதயும் காட்டி விட்டேன்.

ஸ்கேம் பயம் நியாயமானதுதான். 2024 ஜூலைலேருந்து இங்கத்து அரசாங்க எஸ்எம்எஸ் அநேகமா எல்லாம் கவ் டாட் எஸ்ஜி (gov.sg)ங்கற ஒரே பேர்லதான் வரும். சந்தேகம்னா ஸ்கேம்ஷீல்டு உதவி நம்பர் 1799க்கு அடிச்சுக் கேக்கலாம், இந்த நம்பர சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி விடுங்க.

அதனால டேப்லட் காச அப்படியே வைங்க. டிசம்பர்ல ஊருக்குப் போறவங்க பேரக் குடுங்க, வீட்டுல ஆள் இல்லாத அம்மாமாருக்கும் சேத்து யார் யார் எந்தத் தெருன்னு பிரிச்சுக்கலாம். இங்க ஞாயித்துக்கிழமை பெரியவங்கள சிசிக்குக் கூட்டிட்டுப் போக தேக்கா பக்கம் நான் இருக்கேன், உட்லண்ட்ஸ் பக்கம் யாராச்சும் வாங்கப்பா.