ஏசி பூட்டேக்க வக்யூம் போடத்தான் வேணுமோ?

கோண்டாவிலான்: நேற்று ஒருத்தர் இஞ்ச எழுதிக் கிடக்கு, வீட்டு ஏசி பூட்டேக்க பைப்புக்குள்ள நிக்கிறதை இழுத்தெடுக்கிற வக்யூம் பம்ப் தேவையில்லையாம், வெளி யூனிற்றில நிக்கிற குளிராக்கிற காஸை ரெண்டு செக்கன் திறந்துவிட்டா பைப்புக்குள்ள நிக்கிற காத்துத் தானாப் போயிடுமாம், வக்யூம் எண்டு கேக்கிறது காசு புடுங்கிற வேலையாம். பதினெட்டு வருசமா ஏசி பூட்டுறன், உதை வாசிச்ச நேரம் தொட்டு விசராக் கிடக்கு. பைப்புக்குள்ள ஈரமும் நிக்குது ஐயா. பம்ப் போட்டு இழுத்தா உள்ள அமுக்கம் குறைஞ்சு அந்த ஈரம் எங்கட வெக்கையிலயே கொதிச்சு ஆவியாகி வெளிய வரும். காஸால தள்ளினா ஈரம் ஒட்டிக்கொண்டே நிக்கும், பிறகு கொம்பிரசர் ஒயிலோட சேர்ந்து அசிட்டாகும்.

நல்லூர்க்காரன்: ஒருத்தர் எண்டு என்ன, நான்தான் எழுதினது. எங்கட ஏசி 2013இல பூட்டினது. பூட்டின பெடியன் காஸைத் திறந்துவிட்டவன், ஸ்ஸ் எண்டு கேட்டது, அவ்வளவுதான். இண்டைக்கும் போர்த்துக்கொண்டுதான் படுக்கிறம்.

கோண்டாவிலான்: அது பெரும்பாலும் ஆர் 22 காஸா இருக்கும். அதின்ர மினரல் ஒயில் ஈரத்தை அவ்வளவாக் குடிக்காது. இப்ப வாறது ஆர் 32, அதின்ர ஒயில் பஞ்சு மாதிரிக் குடிக்கும். அதோட ஆர் 32 நெருப்புப் பிடிக்கக்கூடின காஸ், உதைப் போய்த் திறந்துவிடச் சொல்லுறீர்.

நல்லூர்க்காரன்: வெளியிலதானே விடுறம், குசினிக்குள்ளயோ? 2013 ஏசி ஓடுதோ இல்லையோ, அதைச் சொல்லும்.

ரொறொன்ரோ சிவா: இங்க லைசென்ஸ் இல்லாமல் காஸில கை வைக்கேலாது, வேணுமெண்டு காத்தில விட்டா சட்டப்படி குற்றம். ஊரில ஆர் கேக்கிறது.

நல்லூர்க்காரன்: வந்திட்டார் கனடா. உங்களுக்கு ஏசி என்னத்துக்கு, யன்னலைத் திறவுங்கோவன்.

ரொறொன்ரோ சிவா: ஜூலையில வந்து நிண்டு பாரும் தம்பி, பிறகு கதையும்.

பருத்தித்துறை அக்கா: வக்யூம் கிடக்கட்டும். எங்கட வெளி யூனிற்றை வாடைக்காத்து நேர வந்து அடிக்கிற சுவரில கொழுவி, உப்புப் பட்டு ரெண்டு வருசத்தில அதின்ர மெல்லிய தகடெல்லாம் தூளாக் கொட்டுது. இப்ப உள் யூனிற்றில இருந்து தண்ணி கட்டிலுக்கு மேல சொட்டுது. பூட்டினவையும் கோண்டாவில் பக்கம்தான்.

கோண்டாவிலான்: அக்கா, கோண்டாவிலில நான் ஒராள் மட்டுமோ இருக்கிறன்? நல்லூர்க்காரன், ஒண்டு கேக்கிறன், அந்த 2013 ஏசிக்கு இதுவரை எத்தினை தரம் காஸ் அடிச்சனீங்கள்?

நல்லூர்க்காரன்: சித்திரை வெயில் துவங்கேக்க ஒருக்கா அடிக்கிறதுதான். எல்லாரும் அடிக்கினம். அதுக்குப் பேர் சேர்விஸ்.

கோண்டாவிலான்: ஆண்டவரே. காஸ் என்ன பெற்றோலோ, ஓட ஓடக் குறையிறதுக்கு? லீக் இல்லாட்டி அது குறையவே குறையாது! வக்யூம் போட்டவனெண்டா இருபது நிமிசம் இழுத்து, பம்பை நிப்பாட்டி, அமுக்கம் காட்டுற கேஜைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பான். முள்ளு ஏறினா எங்கயோ லீக், நட்டைத் திரும்ப இறுக்கு. அண்டைக்கே பிடிபட்டிருக்கும். வருசா வருசம் காசைக் கட்டிப்போட்டு, காசு புடுங்கிறது நாங்களாம்.

நல்லூர்க்காரன்: முள்ளுக்கதை எனக்கு வேண்டாம். 2013 ஏசி ஓடுது.

ரொறொன்ரோ சிவா: யன்னல் கதைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கேல்ல.

பருத்தித்துறை அக்கா: என்ர தண்ணிக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே?

கோண்டாவிலான்: தண்ணி வெளிய போற பைப் சரிவாப் போகுதோ எண்டு பாருங்கோ அக்கா, பிறகு வாறன். நல்லூர்க்காரன், கடைசியா அடிச்சது எந்தக் காஸ்? சிலிண்டரில பேர் இருந்திருக்குமே.

நல்லூர்க்காரன்: குளிருற காஸ்.