பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் நாள்: அதுவரை இந்த வசனத்தை எதற்குப் படிக்கிறோம்?

வாலிபர் வகுப்பு ஆசிரியை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். சென்ற வாரம் எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 2-ஆம் அதிகாரத்தை எடுத்தோம். “தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்” என்ற 4-ஆம் வசனத்தை வாசித்ததும், சபையின் மூத்தவர் ஒருவர், “இது கிறிஸ்து திரும்பி வந்து ஆளப்போகிற ஆயிரவருஷ அரசாட்சியில் நடக்கப்போகிற காரியம், கர்த்தர் வந்து செய்வதை இன்றைக்கு நாம் செய்துபார்க்க வேண்டியதில்லை” என்று சொல்லிவிட்டார். உடனே ஒரு பையன், “அப்படியானால் இதை எதற்கு அக்கா படிக்கிறோம்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் வாதத்துக்காகக் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவனுடைய தகப்பனாரும் பெரியப்பாவும் ஒரு வரப்புக்காக ஒன்பது ஆண்டுகளாக நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள். ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்காருகிறார்கள். அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

பழைய ஏற்பாட்டு மாணவன்:
சகோதரி, மூத்தவர் சொன்னதில் பாதியை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். “கடைசிநாட்களில்” என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. ஜாதிகளை, அதாவது உலகத்தின் தேசத்தாரை, நியாயந்தீர்க்கிறவரும் கர்த்தர்தான். ஆனால் நம்மில் பலர் 4-ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறோம். 3-ஆம் வசனத்தில் திரளான ஜனங்கள், “நாம் அவர் பாதைகளில் நடப்போம்” என்று ஒருநாள் சொல்லப்போவதாகத் தீர்க்கதரிசி காண்கிறார். 5-ஆம் வசனத்தில் தம் காலத்து மக்களைப் பார்த்து, “யாக்கோபின் வம்சத்தாரே, கர்த்தரின் வெளிச்சத்திலே நடப்போம் வாருங்கள்” என்று அழைக்கிறார். எபிரெயுவிலும் இரண்டு இடங்களில் வருவது அதே வினைதான். ஜாதிகள் பின்னால் சொல்லப்போவதை நீங்கள் இன்றைக்கே சொல்லுங்கள் என்பதே அந்த அழைப்பு. அந்தப் பையனுடைய கேள்விக்கு ஏசாயாவே அடுத்த வரியில் பதில் எழுதி வைத்திருக்கிறார்.

கருவிகளையும் சற்றுக் கவனியுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் மண்வெட்டி என்று இருப்பதைக் கத்தோலிக்கத் திருவிவிலியம் கலப்பைக் கொழு என்கிறது. அக்காலத்துக் கலப்பை மரத்தால் ஆனது. மண்ணைக் கீறும் முனையில் மட்டும் சிறிய இரும்புக் கொழுவைச் செருகினார்கள். அரிவாள் என்று நாம் படிப்பதோ கதிர் அறுக்கிற அரிவாள் அன்று, திராட்சக்கொடியைக் கவ்வாத்து செய்யும் கத்தி. திராட்சை நட்ட வருடமே காய்க்காது. அடுத்த படையெடுப்பில் ஓடிப்போக வேண்டியிருக்கும் என்று நினைக்கிறவன் கவ்வாத்துக் கத்தி அடித்துக்கொண்டிருக்க மாட்டான்.

“அத்திமர நிழல்” என்ற பெயரில் எழுதுபவர்:
இதே தீர்க்கதரிசனம் மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 4-ஆம் அதிகாரத்திலும் ஏறக்குறைய அதே சொற்களில் வருகிறது. ஆனால் மீகா ஒரு வரியைக் கூட்டுகிறார்: அவனவன் தன் தன் திராட்சச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் “பயப்படுத்துவார் இல்லாமல் உட்காருவான்.” மீகாவின் ஊராகிய மொரேசேத், யூதாவின் அரணான பட்டணமாகிய லாகீசுக்கு அருகில் இருந்தது. கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் அந்த லாகீசை முற்றுகையிட்டுப் பிடித்தான். அதை அவன் நினிவேயிலுள்ள தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்பலகைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழுவேற்றப்பட்டவர்களையும், மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சுகளோடு சிறைப்பட்டுப் போகும் குடும்பங்களையும் அதில் காணலாம்.

அதே சனகெரிப்பின் தளபதியாகிய ரப்சாக்கே எருசலேமின் மதிலடியில் நின்று பேசியதை 2 இராஜாக்கள் 18:31-இல் படித்துப் பாருங்கள். என்னோடு ராசியாகுங்கள், அவனவன் தன் தன் திராட்சச்செடியின் கனியையும் அத்திமரத்தின் கனியையும் புசிக்கலாம் என்கிறான். அதே அத்திமரம்தான். ஆனால் அசீரிய ராஜா வந்து அவர்களை வேறு தேசத்துக்குக் கொண்டுபோகும் வரைக்கும் மட்டுமே அந்தச் சலுகை! பயப்படுத்துகிறவன் தருகிற சமாதானம் அது.

ஆகவே, “கிறிஸ்தவர்கள்தானே, விட்டுக்கொடுத்துப் போங்கள்” என்று அந்தச் சகோதரர்களில் இளைத்தவரை மட்டும் வாயடைக்க வைத்தால், அது ரப்சாக்கேயின் சமாதானமாகவே முடியும். “வயல்களை இச்சித்து” பறித்துக்கொள்கிறவர்களை மீகா இரண்டாம் அதிகாரத்திலேயே கண்டித்துவிட்டுத்தான் நான்காம் அதிகாரத்துக்கு வருகிறார். ஏசாயாவிலும் நியாயத்தீர்ப்பு முதலில் வருகிறது, பட்டயத்தை அடிப்பது அதற்குப் பிறகு. நில அளவையாளரை வரவழைத்து, இருவரும் நம்புகிற ஒருவரை நடுவில் வைத்து வரப்பை அளப்பதும் ஊழியம்தான் என்பது என் கருத்து.

“யோவேல் 3:10” என்ற பெயரில் எழுதுபவர்:
ஒரு எச்சரிக்கை மட்டும். யோவேல் தீர்க்கதரிசி இதையே தலைகீழாக, “மண்வெட்டிகளைப் பட்டயங்களாகவும்” அடியுங்கள் என்று ஜாதிகளிடம் சொல்கிறார். ஏசாயாவை மட்டும் எடுத்துக்கொண்டு, மனிதர் முயன்றால் யுத்தம் ஒழிந்துவிடும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அடுத்த போர்ச் செய்தி வரும்போது அவர்கள் வேதத்தையே சந்தேகிப்பார்கள்.

கடற்கரைச் சபை விசுவாசி:
முந்தைய பதிவருடைய எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனாலும், கர்த்தர் வரும்வரை காத்திருப்பது கைகட்டி நிற்பதாக ஆதித் திருச்சபைக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாங்கள் இப்போது பட்டயங்களைக் கலப்பைக் கொழுக்களாக மாற்றிவிட்டோம் என்ற பொருளில் எழுதி, இந்த வசனம் சபையில் நிறைவேறத் தொடங்கிவிட்டதற்குச் சாட்சி சொன்னார். பிற்காலத்துச் சபை அந்தச் சாட்சியைக் காப்பாற்றியதா என்றால், வெட்கத்தோடு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அது முடிந்த பிறகும் துப்பாக்கிகள் வீடுகளிலும் மண்ணுக்கடியிலும் கிடந்தன. ஆங்கிலிக்கன் பேராயர் டினிஸ் செங்குலானேயின் தூண்டுதலில், அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் 1995-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் மண்வெட்டியோ, மிதிவண்டியோ, தையல் இயந்திரமோ வாங்கிச் சென்றார்கள். வாங்கிய ஆயுதங்களை வெட்டிப் பயனற்றதாக்கினார்கள். சில துண்டுகளைக் கொண்டு கலைஞர்கள் சிற்பங்கள் செய்தார்கள். அப்படிச் செய்த நாற்காலி ஒன்று, லாகீசின் கற்பலகைகள் இருக்கிற அதே அருங்காட்சியகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அத்தோடு உலகத்தில் யுத்தம் ஒழிந்துவிடவில்லை, அந்த நாட்டிலும் ஒழியவில்லை. ஆனால் அந்த மிதிவண்டியில் ஒருவர் வேலைக்குப் போனார்.

வாலிபர் வகுப்பு ஆசிரியை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை 3-ஆம் வசனத்தையும் 5-ஆம் வசனத்தையும் அந்தப் பையனையே சத்தமாக வாசிக்கச் சொல்லப்போகிறேன். அதன்பின் மீகாவுக்குப் போகும்போது இரண்டாம் அதிகாரத்தை முதலில் எடுப்பதா, நேரே நான்காம் அதிகாரத்துக்குப் போவதா என்பதுதான் இப்போது என் தயக்கம். அவனுடைய தகப்பனாரும் சில வாரங்களில் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்காருவதுண்டு.