வேரியன்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

எடிசன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசர உதவி. இங்கே நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு துண்டறிக்கை தயார் செய்கிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். யாராவது ஊர் விதி சொல்லும் அளவுக்கு மேல் வீட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டவோ, மாடி எடுக்கவோ நினைத்தால், எந்தப் பகுதியில் எதை எப்படிக் கட்டலாம் என்ற மண்டல விதிகளைப் பார்க்கும் மண்டல வாரியத்திடம் வேரியன்ஸ், அதாவது அந்த விதியிலிருந்து விலகிக் கட்ட அனுமதி, கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னால், 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வரும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பது ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, கோர்ட்டிலிருந்து என்னவோ வந்துவிட்டது என்று சாயங்காலம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் வரைவை மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் போட்டேன். 'விலக்க வர்க்கச் சராசரி கோரி விண்ணப்பம்' என்று வந்தது. அது புள்ளியியல் வேரியன்ஸ். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

திருச்சி எழுதியது:

தம்பி, இதில் மண்டையை உடைக்க என்ன இருக்கிறது? விதிவிலக்கு. முப்பது வருடம் நகராட்சியில் ஓவர்சியராக இருந்தவன் சொல்கிறேன். நம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஆம் பிரிவு, அரசு நினைத்தால் ஒரு கட்டடத்துக்கு விலக்கு கொடுக்கலாம் என்கிறது. விலக்கு என்றால் ஆடு மேய்ப்பவனுக்கும் புரியும். கட்டி முடித்துவிட்டு வந்து நிற்பவனுக்கு வரன்முறை. இரண்டே சொல், வேலை முடிந்தது.

ஸ்கார்பரோ எழுதியது:

> விலக்கு என்றால் ஆடு மேய்ப்பவனுக்கும் புரியும்

புரியும் ஐயா, பிழையாகப் புரியும். அதுதான் என் பயம். விலக்கு என்றால் அந்த விதி எனக்கு இல்லை என்று பொருள். முன்பக்கம் 25 அடி விடச் சொன்ன இடத்தில் 21 அடி விட்டுக் கட்ட அனுமதி கிடைத்தால், விதி செத்துப் போகவில்லை, அந்தக் காணிக்கு நாலு அடி மட்டும் இறங்கி வந்திருக்கிறது. பக்கவாட்டு இடைவெளி, உயரம் எல்லாம் அப்படியே நிற்கின்றன. இங்கே ஒன்ராறியோவில் இதற்கு மைனர் வேரியன்ஸ் என்று பெயர், நாலு சோதனை வைப்பார்கள்: நகரத்தின் பெருந்திட்ட நோக்கம் கெடக்கூடாது, மண்டல விதியின் நோக்கம் கெடக்கூடாது, அந்த இடத்துக்கு அது விரும்பத்தக்கதாக இருக்க வேண்டும், உண்மையிலேயே சின்ன விஷயமாக இருக்க வேண்டும். விலக்கு என்று மொழிபெயர்த்தால் இந்த நாலும் எதற்கு என்றே வாசிப்பவருக்கு விளங்காது.

எங்கள் இலங்கைப் பக்கத்துப் புள்ளியியலில் வேரியன்ஸை மாறற்றிறன் என்போம். உங்கள் செயலிக்கு அது கிடைக்காமல் போனது நல்லதுதான்.

தஞ்சாவூர் எழுதியது:

இரண்டு நாளாகக் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இதற்குச் சொல் புதிதாகப் படைக்கத் தேவையே இல்லை, பல நூறு ஆண்டாக இருக்கிறது. வழுவமைதி. விதிப்படி நிற்பது வழாநிலை, விதி பிறழ்ந்தது வழு, பிறழ்ந்தாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவைத் தடவிக் கொடுத்து 'என் அம்மை வந்தாள்' என்கிறான். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு. ஆனால் உவப்பு என்ற காரணம் காட்டினால் இலக்கணம் விட்டுவிடுகிறது. 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும்' என்று நன்னூலார் காரணங்களைப் பட்டியல் போட்டுத் தருகிறார். உங்கள் வாரியமும் காரணப் பட்டியல் வைத்துக்கொண்டுதானே கேட்கிறது?

இன்னொன்று. 1926-இல் ஒஹையோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகள் செல்லும் என்றது. (நிலம் அளக்கப் போனவர்கள் வடிவியல் மேதையின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டார்கள்.) அந்தத் தீர்ப்பில், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்தில் இருப்பது போல, சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லைதான் என்று வருகிறது. வழுவுக்கு இதைவிட நல்ல விளக்கம் உரையாசிரியர்களிடம்கூட இல்லை. 'அவன் வந்தாள்' என்பதில் இரண்டு சொல்லுமே நல்ல சொல்தான், இடம்தான் தப்பு.

கோவை எழுதியது:

வாத்தியார் ஐயா அருமை. ஆனால் ஒரு வாரமாக எல்லாரும் மண்டலம் மண்டலம் என்கிறீர்களே, அது வடசொல் என்று யாருக்கும் உறுத்தவில்லையா? நிலத்தை இன்ன பயனுக்கு இன்ன பகுதி என்று பிரித்தவன் தமிழன். திணை என்ற சொல் சும்மா கிடக்கிறது. குடியிருப்புத் திணை, வணிகத் திணை, தொழில் திணை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் கடை போட அனுமதி கேட்டால், அப்படியே திணை வழுவமைதி! கடையும் வீடும் கலந்த பகுதிக்குத் திணைமயக்கம். தொல்காப்பியர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்கார்பரோ எழுதியது:

திணை கலக்கத் தடையில்லை என்ற தொல்காப்பியரின் 'திணை மயக்குறுதலும் கடிநிலை இலவே' என்பதை எடுத்துக்கொண்டீர்கள், சரி. அடுத்த அடி 'நிலன் ஒருங்கு மயங்குதல் இல' அல்லவா? நிலம் கலக்காது என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் கலப்புப் பகுதிக்கு அனுமதி மறுத்த முதல் மண்டல வாரியம் அதுதான். தவிர, இலக்கணத் திணை வேறு, அகத்திணை வேறு. பசுவை அம்மை என்ற திணையையும் முல்லை நிலத்துத் திணையையும் ஒரே வாக்கியத்தில் குழைத்தால் பாவம் அந்தப் பசு எங்கே மேயும்?

திருச்சி எழுதியது:

வழு வழு என்கிறீர்கள், எனக்கு வழுவழுப்புதான் ஞாபகம் வருகிறது. போகட்டும். வரன்முறை என்ற சொல் எப்படி வந்தது என்று யாருக்காவது தெரியுமா? வரல் கூட்டல் முறை. மகரம் வந்தால் லகரம் னகரமாகும். வழிவழியாக வரும் முறை என்பதுதான் பழைய பொருள். முறையில்லாமல் கட்டியதை முறைக்குள் கொண்டுவருவதற்கு நம் அலுவலகத்தில் இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, கெட்டிக்காரர். நான் வேலையில் இருந்தபோது ஒருவர் வந்து, பெண்ணுக்கு வரன் பார்க்கிற முறையா சார் என்று கேட்டார்.

பிளெயின்ஸ்பரோ எழுதியது:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் வீட்டு வரைபடம் போடுகிறவள், இந்த வாரியங்கள் முன்னால் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்லிப் பழக்கம். சொல் எதுவானாலும் சரி, ஆனால் இரண்டு விஷயம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இது ஆளுக்குக் கொடுப்பதல்ல, நிலத்துக்குக் கொடுப்பது. வீட்டை விற்றால் வாங்குகிறவரோடு போகும். அதனால் சலுகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். (தம்பியின் வரைவில் இரண்டாம் பக்கம் சலுகை என்று இருந்தது.)

இரண்டாவதுதான் பெரிய விஷயம். வேரியன்ஸுக்கு நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள், ஆனால் வரைவில், வாரியத்திடம் காரணமாகக் காட்டும் ஹார்ட்ஷிப் என்பதற்கு 'கஷ்டம்' என்று போட்டிருப்பதை யாரும் பார்க்கவில்லை. இதில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். ஜெர்சி சட்டத்தில் அது மனையின் கஷ்டம். மனை அளவுக்கு மீறிக் குறுகலாக இருக்கிறது, ஆழமில்லை, கோணல், மேடு பள்ளம், அல்லது ஏற்கனவே முறைப்படி நிற்கிற கட்டடம் தடையாக இருக்கிறது, இந்த மாதிரி. ஒரு விசாரணையில் எனக்கு முன்னால் நம்மவர் ஒருவர். கீழ்த்தளத்தில் படுக்கையறை வேண்டும் என்று அம்மாவின் முழங்கால் வலி, எடுத்த ஸ்கேன், படி ஏறும்போது பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படுவது எல்லாம் பத்து நிமிடம் சொன்னார். எனக்கே கண் கலங்கிவிட்டது. தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, உங்கள் மனையில் என்ன சிக்கல்?' என்றார். அவரிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் அவர் மனை பின்பக்கம் ஆப்பு மாதிரி குறுகிக்கொண்டே போகும், வரைபடத்திலேயே இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கஷ்டம் என்று அச்சடித்தால் நாம் இன்னும் பத்துப் பேரை முழங்கால் கதையோடு அனுப்புவோம். 'மனை இடர்' என்று போடலாமா?

எடிசன் எழுதியது:

அக்கா, நன்றி. மனை இடர் போட்டுவிட்டேன். சலுகையை எடுத்துவிட்டேன்.

நேற்று இரவு அம்மாவிடம் சோதித்துப் பார்த்தேன். 'பக்கத்து வீட்டுக்காரர் விதிவிலக்கு கேட்கிறார்' என்றதும் 'அவருக்கு மட்டும் என்னடா விலக்கு?' என்று கோபம். 'வழுவமைதி கேட்கிறார்' என்றேன். 'அமைதியாத்தானே இருக்கார் பாவம்' என்றார். வாரியத்தின் முழுப்பெயரில் அட்ஜஸ்ட்மென்ட் என்று வருகிறதே, அதற்குச் 'சரிக்கட்டும் வாரியம்' என்று சொன்னதும் சிரித்துவிட்டு, எவ்வளவு கொடுக்கணும் என்று கேட்டார். அதை 'மண்டல வாரியம்' என்றே விட்டுவிடுகிறேன்.

தஞ்சாவூர் எழுதியது:

அமைதி என்பது இங்கே அமைதல், பொருந்துதல். ஒரு குறிப்புப் போட்டால் தீர்ந்தது. தாய்க்குப் புரியவில்லை என்பதற்காகச் சொல்லைத் தள்ளினால் அறிவியலே தமிழில் எழுத முடியாது.

பிளெயின்ஸ்பரோ எழுதியது:

ஐயா, உங்கள் சொல் அழகு, ஆனால் அதில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசுவை அம்மை என்று சொன்ன பிறகுதான் இலக்கணம் மன்னிக்கிறது. வேரியன்ஸ் கேட்பவர் பெரும்பாலும் ஒரு செங்கல்லும் வைக்காமல் முன்கூட்டியே வந்து கேட்கிறார். அவர் எந்த வழுவும் செய்யவில்லை. கட்டிவிட்டு மாட்டிக்கொண்டு வருகிறவரும் உண்டு, அவருக்கு வேண்டுமானால் உங்கள் சொல் பொருந்தும். கணினிக்காரர்கள் வேறு வழுவை எடுத்து நிரலில் வரும் பிழைக்கு வைத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தோன்றுவது தளர்வு. 2020-இல் ஊரடங்குத் தளர்வு, ஊரடங்குத் தளர்வு என்று தினமும் கேட்டோம். ஊரடங்கு போய்விடவில்லை, கொஞ்சம் இறங்கி வந்தது என்று பெட்டிக்கடை வரை புரிந்தது. ஸ்கார்பரோ அண்ணை சொன்ன நாலு அடிக் கணக்கும் அதுதான். விதித்தளர்வு.

கோவை எழுதியது:

விதி வடசொல்.

திருச்சி எழுதியது:

அப்புறம் விதித்தளர்வு என்றால் தலைவிதி தளர்ந்தது என்று எவனாவது பரிகாரத்துக்குப் போவான். ஆனாலும் பரவாயில்லை, என் விலக்கை விட்டுக்கொடுக்கிறேன். ஒரே சந்தேகம். அளவு மாறினால் தளர்வு, சரி. வீட்டு மண்டலத்தில் பல் மருத்துவமனை வைக்கிறேன் என்று கேட்டால் அதுவும் தளர்வா? எதைத் தளர்த்துகிறீர்கள்? அது மாற்றம் இல்லையா?

பிளெயின்ஸ்பரோ எழுதியது:

நல்ல கேள்வி. சட்டமே இரண்டையும் வேறு வேறு உட்பிரிவில் வைத்திருக்கிறது. அளவுக்குப் பெரும்பாலும் வந்தவர்களில் பெரும்பான்மை போதும். பயன்பாடு மாறினால் ஏழு பேர் வாரியத்தில் ஐந்து ஆதரவு வாக்கு வேண்டும். அன்று ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஐந்து பேரும் ஆம் சொல்ல வேண்டும். அதனாலேயே ஆள் குறைந்த நாளில் பலரும் வாய்தா கேட்டுவிடுவார்கள். துண்டறிக்கையில் 'அளவுத் தளர்வு', 'பயன்பாட்டுத் தளர்வு' என்று பிரித்துப் போடலாம். பயன்பாட்டுக்குத் தளர்வு என்பது கொஞ்சம் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். 'பயன்பாட்டு மாற்றம்' என்று எழுதினால் மண்டலத்தையே மாற்றிவிட்டதாக அர்த்தம் வரும், அதைச் செய்வது ஊர் மன்றம், இந்த வாரியம் அல்ல.

தஞ்சாவூர் எழுதியது:

நொண்டுவது ஏன் என்றால் அது திணை வழுவமைதி என்பதால். கோவை சொன்னபோது சிரித்தீர்கள்.

ஸ்கார்பரோ எழுதியது:

நான் தளர்வுக்குக் கை தூக்குகிறேன், முழு மனதோடு இல்லை. ஒரு வேண்டுகோள். விசாரணை அறையில் யாரும் தளர்வு என்று சொல்லப் போவதில்லை, வேரியன்ஸ் என்றுதான் காதில் விழும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் தடவை தமிழ் எழுத்திலேயே 'வேரியன்ஸ் எனப்படும் விதித்தளர்வு' என்று எழுதுங்கோ. அந்தத் தாய் தகப்பன் அங்கே போய் இருந்தால் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று தெரியும்.

கோவை எழுதியது:

தமிழ் எழுத்தில் ஆங்கிலம். இதற்கு ஒரு வாரம்.

எடிசன் எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றரை. ஆதரவு நாலு (திருச்சி ஐயாவையும் சேர்த்து), எதிர்ப்பு இரண்டு. 'வேரியன்ஸ் எனப்படும் விதித்தளர்வு' என்றே அனுப்பிவிட்டேன். வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அரை அங்குலம் காலி இருந்தது, 'வழுவமைதி என்றும் சொல்லலாம்' என்று சிறிய எழுத்தில் போட நினைத்தேன், அங்கே வாரியத்தின் தொலைபேசி எண் வந்துவிட்டது.

தஞ்சாவூர் எழுதியது:

மன்னிக்க ஒன்றுமில்லை. 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே' என்று உங்களுக்காக நானே எழுத எடுத்தேன். எழுதிய பிறகுதான் பார்த்தேன், அதிலும் வழு இருக்கிறது. நான் பாடம் எடுக்கும்போது வழுவமைதி என்றுதான் சொல்லப் போகிறேன்.

இணைத்திருக்கும் படியில் மூன்றாம் பக்கம் 'விதிதளர்வு' என்று இருக்கிறது. தகர ஒற்று விடுபட்டிருக்கிறது. அச்சகத்துக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லுங்கள் தம்பி.

திருச்சி எழுதியது:

அது கிடக்கட்டும், கட்டடத்தைச் சுற்றி விடும் இடம், செட்பேக் என்கிறார்களே, அதற்கு என்ன போட்டீர்கள்?