உதைபந்தாட்டத்தை நம்பிப் பிழைக்கலாமா?

கேள்வி (புதுக்குடியிருப்பு):
என் மகள் கிரவல் தரையில் வெறுங்காலுடன் பந்தடித்து நகம் பெயர்ந்து வருகிறாள். கொப்பி மட்டையில் நைஜீரிய உதைபந்தாட்ட வீராங்கனை அசிசாத் ஒஷோலாவின் படம். அவர் எப்படி வெளிநாடு போனார்?

பதில் (கிளிநொச்சி):
அக்கா, முதலில் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்! 2014 இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் சிறந்த வீராங்கனை அவர்தான். அதிக கோல்களும் அவருடையவையே. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் எடுத்தது. பிறகு அங்கேயே ஆர்சனல், சீனாவின் தாலியன், 2019 இல் ஸ்பெயினின் பார்சிலோனா. பார்சிலோனாவில் இரண்டு முறை ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கிண்ணம்.

பதில் (மாங்குளம்):
ஆர்சனலை விட்டுச் சீனா போனதைப் பலர் இறக்கம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். பார்சிலோனா அவரை அங்கிருந்துதானே அழைத்தது?

கேட்டவர்:
மகளின் தகப்பன் சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்கிறார்.

பதில் (கிளிநொச்சி):
ஒஷோலா வீட்டிலும் படிப்பைத்தான் சொன்னார்கள், அக்கா. மகளின் தகப்பனோடு சண்டை பிடிக்காதீர்கள். மாலைப் பயிற்சியை மட்டும் நிறுத்தவேண்டாம்.