புதுப்பிப்பு: தாத்தாவின் இரண்டு பிறந்த தேதிகள்

போன மாதம் கேட்டிருந்தேன்: தாத்தாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் 1.6.1935, ஜாதகத்தில் யுவ வருடம் தை மாதம். கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளில் எதைப் போடுவது? இரண்டையும் ஆதாரத்தோடு போடச் சொன்னீர்கள். போட்டாயிற்று.

அப்போதுதான் என் கூத்து தெரிந்தது. பத்திரங்களின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி மூலம் உருவாக்கி வைத்திருந்தேன், மொத்தம் 43! கிராம்ப்ஸில் மூலம் என்பது முழு ஆவணம். பக்க எண், தேதி, எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் அந்த மூலத்தைச் சுட்டும் 'மேற்கோள்' (citation) பதிவில்தான் வரும். ஆவணம் இருக்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று தனிப் பதிவு. எங்களுடையது 'அத்தை வீட்டு டிரங்குப் பெட்டி'. இப்போது மூலங்கள் ஆறுதான்.

அப்புறம், யுவ என்றதும் 1935 என்று தட்டியிருந்தேன். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் அந்தத் தை 1936 ஜனவரி, பிப்ரவரியில் வரும். பள்ளித் தேதிக்கு நம்பகம் 'குறைவு' என்று குறித்தேன். ஜூன் ஒன்று என்றால் பெரும்பாலும் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும்.

அத்தை இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை, மாசி என்கிறார். சரி, அவர் அதை என்றைக்குச் சொன்னார் என்று குறித்து, அதையும் ஒரு 'வாய்மொழி' மூலமாகச் சேர்த்துவிட்டேன்.