துறைக்குள் மோதல், இரண்டு பேருமே நம் ஆசிரியர் சங்க உறுப்பினர்கள்: கிளை என்ன செய்யணும்?

வெண்ணாறு:
மன்னார்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி. கால அட்டவணையை வைத்துத் துறைத் தலைவருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தகராறு. தலைவர் புகார் கொடுக்க, மூன்று நாளில் விளக்கம் கேட்டு முதல்வர் மெமோ கொடுத்துவிட்டார். கிளை யார் பக்கம் நிற்பது? முதலில் பேச்சுவார்த்தையா, விளக்கமா?

அரசலாறு:
தோழர், மெமோவை முதலில் பாருங்கள். பதில் போகாவிட்டால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டாகும். இன்றைக்கே ஒரு பக்கக் கடிதம்: புகாரின் நகலும் இணைப்புகளும் வேண்டும், கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் வேண்டும். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபால்.

காரியம் கெடுவது பெரும்பாலும் முதல்வர் அறையில்தான். "வருந்துகிறேன், இனி நடக்காதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார், முடிச்சிடலாம்" என்பார்கள். விசாரணை வந்தால் அந்த ஒரு வரி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நிற்கும்.

ஒரே பொறுப்பாளர் இருவரிடமும் பேசக் கூடாது. ஒருவருக்கு உங்கள் கிளை, மற்றவருக்குத் திருவாரூரோ கும்பகோணமோ வேறு கிளையிலிருந்து ஆள்.

குடமுருட்டி:
"மரியாதை இல்லை" என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம். போன இரண்டு பருவத்து அட்டவணையை மேசையில் விரியுங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. முதல் மணி வகுப்பு யாருக்கு, செய்முறை வகுப்பு யாருக்கு, தேர்வுக் கண்காணிப்பு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி அடங்கும். முடிவை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மெமோவைக் கைவிட்டதாகவும் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் கோப்பில் கிடந்து பதவி உயர்வு நேரத்தில் தலைதூக்கும்.

பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால் கிளை பஞ்சாயத்துப் பேசவே கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, கல்லூரியின் உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார்.

வெண்ணாறு:
நன்றி. சஸ்பெண்ட் வரை போனால் தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா?

அரசலாறு:
ஆசிரியருக்கு அந்த வழி இல்லை. ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஆயுதம் 1976 தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். பணிநீக்கத்துக்கு உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் கட்டாயம். நிர்வாகத்தின் கோப்பு போகும் முன்பே, கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தில் சங்கத்தின் கடிதம் ஆவணங்களோடு இருக்க வேண்டும்.