ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களே, முதல் வாரத்திலேயே மிசோஷிரு வைக்கப் பழகுங்கள்

வீடு, வங்கிக் கணக்கு, ரயில் அட்டை பற்றிக் கேட்கும் தம்பி தங்கைகளுக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் சோற்றுக்கு வலப்பக்கம் ஒரு சிறு கிண்ணம் வந்துவிடும். அதுதான் மிசோஷிரு. 'மிசோ' என்றால் சோயாவைப் புளிக்கவைத்து எடுக்கும் விழுது, 'ஷிரு' என்றால் சாறு. ரசத்தைச் சாறு என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். கிண்ணத்தில் தோஃபுவும் வகாமே என்ற கடற்பாசியும்தான் மிதக்கும். மீன் கண்ணில் படாது. ஆனால் அந்தத் தண்ணீரே பெரும்பாலும் மீன் சாறுதான். 'தாஷி' என்பார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷியில் எடுப்பது அது. நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. சில வீடுகளில் நெத்திலிக் கருவாட்டில் எடுப்பார்கள். கடையில் மிசோ வாங்கும்போதும் 'தாஷி இரி' என்று போட்டிருந்தால் தாஷி முன்பே கலந்திருக்கிறது என்று பொருள். அதுவும் பெரும்பாலும் மீன்தான். 'தொன்ஜிரு' என்றால் பன்றி இறைச்சி. சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள்: "கட்சுவோ வா ஹாய்த்தே இமாசு கா?" சூரை மீன் சேர்ந்திருக்கிறதா என்பது அதன் பொருள்.

வீட்டில் வைத்தால் இந்தக் கவலையே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கொம்பு போதும். அது காய்ந்த, தடித்த கடற்பாசி. அதன்மேல் பூத்திருக்கும் வெள்ளைத் தூளை அழுக்கென்று கழுவிவிடாதீர்கள். சுவையில் அதற்கும் பங்கு உண்டு, ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் சூடாக்கி, கொதி வருவதற்குச் சற்று முன் எடுத்துவிடுங்கள். 1908இல் இக்கெடா கிக்குனாயே என்ற வேதியியலாளர் 'உமாமி' சுவையைக் கண்டறிந்தது இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். உலர்ந்த ஷிட்டாகே காளானையும் ஊறவைத்துச் சேர்த்தால் சாறு இன்னும் கனக்கும்.

அதில் முள்ளங்கியோ தோஃபுவோ வெந்ததும் அடுப்பை அணையுங்கள். ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி மிசோவைக் கரண்டிக்குள் வைத்து, சாற்றில் சிறிது சிறிதாகக் கரையுங்கள். மிசோ போட்ட பிறகு கொதிக்கவிடவே கூடாது. ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிறோமே, அதே காரணம்தான்: கொதித்தால் மணம் போய்விடும். கிண்ணத்தில் ஊற்றிச் சற்று நேரம் பாருங்கள். அடியிலிருந்து மேகம்போல் எழுந்து கலைந்து, மறுபடி எழும்.

எந்த மிசோ என்று குழம்ப வேண்டாம். முதலில் நாகனோ பக்கத்து ஷின்ஷு மிசோ வாங்குங்கள், மிதமான சுவை. கியோத்தோவின் வெள்ளை மிசோ இனிக்கும். ஐச்சி மாநிலத்து ஹாச்சோ மிசோ கறுத்து, துவர்ப்போடு இருக்கும். அதற்கு நாக்கு பழக நாளாகும். மிசோவிலேயே உப்பு நிறைய உண்டு, தனியாகச் சேர்க்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் வந்து தங்கினால் உப்புக் குறைத்த மிசோவாகப் பாருங்கள்.

இங்கே வந்த முதல் ஜனவரியில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கரண்டி இல்லை. இரு கைகளாலும் ஏந்தி அப்படியே குடிக்கச் சொன்னார். அந்தச் சூடு முதலில் உள்ளங்கைக்குத்தான் வந்தது. நீங்களும் கிண்ணத்தைக் கையில் எடுத்தே குடியுங்கள். இங்கே அதுதான் முறை. மூடி இறுகித் திறக்க வராவிட்டால் இழுக்காதீர்கள். கிண்ணத்தின் விளிம்பை இரு பக்கமும் லேசாக அழுத்தினால் காற்றுப் புகுந்து தானே விட்டுவிடும்.